உங்கள் முகவரியை யாரோ ஊரறியச் செய்துவிட்டால்

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், தன் தெருவுக்குப் பின்னாலிருந்த குளத்தில் குப்பை கொட்டுவதைக் கண்டித்து முகநூலில் நாலு வரி எழுதினார். எழுதிய மூன்றாம் நாள் இரவு, அவர் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, சமையல் மேடையில் வைத்திருந்த கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது. எடுத்தால் பேச்சில்லை, வைத்தால் அடுத்த அழைப்பு. ஓசையை நிறுத்தி வைத்தார். அது அதிர்ந்து அதிர்ந்து தானாகவே நகர்ந்துபோய், விளிம்பில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் முட்டி நின்றது. முகமில்லாத ஒரு கணக்கில் அவருடைய பெயர், கைப்பேசி எண், தெரு, வேலை பார்க்கும் பள்ளி, ஸ்கூட்டரின் பதிவெண், மகளின் பிறந்தநாள் படம் எல்லாவற்றையும் ஒரே பதிவாகப் போட்டு, "கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

பயத்தில் அவர் செய்த முதல் காரியம், தன் முகநூல் கணக்கை அழித்தது. வந்த குறுஞ்செய்திகளையும் ஒன்று விடாமல் அழித்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்யத் தோன்றும். மறுநாள் காவல் நிலையத்தில் "என்ன வந்தது, காட்டுங்கள் அம்மா" என்று கேட்டபோது, காட்டுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. "எதையும் அழிக்காதீர்கள்" என்று சொல்ல அன்றிரவு பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவரின் சொந்த விவரங்களைத் திரட்டி, அவருக்குத் தொல்லை வரட்டும் என்றே பொதுவெளியில் போடுவதை டாக்ஸிங் என்கிறார்கள். ஆவணங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி, 1990-களில் ஹேக்கர்கள் வைத்த பெயர் அது. இதற்குக் கணினியை உடைத்துத் திருடும் திறமை தேவையில்லை. அங்கங்கே சிதறிக் கிடப்பதைக் கூட்டி அள்ளினால் போதும். 2018 ஜூலையில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ்.சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, "இதை வைத்து எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும்?" என்று சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய கைப்பேசி எண், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு ஆதார் ஆணையமே, இப்படி யாரும் எண்ணைப் பொதுவில் போட வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

இனி, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை. கீழே வரும் சட்டங்களும் உதவி எண்களும் இந்தியாவுக்கு உரியவை. காவல் நிலைய நடைமுறை தமிழ்நாட்டுக்கு உரியது.

முதலில் சேமியுங்கள்

கதவைத் தட்டுகிறார்கள், வீட்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 112-ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தபின் மற்றவை.

பதிலெழுதாதீர்கள். நியாயம் கேட்டு நீங்கள் எழுதும் ஒரு வரி, அந்த விவரங்கள் உண்மைதான் என்று அவர்களுக்கு உறுதி சொல்லிவிடும். பதிவையும் இன்னும் பல பேருக்குக் கொண்டுசேர்க்கும்.

அடுத்து, ஸ்கிரீன்ஷாட். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். திட்டியிருக்கும் வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது யார் எழுதியது, எந்தத் தளத்தில், எந்த நாளில் என்று ஒன்றும் தெரியாது. ஒரு நல்ல ஸ்கிரீன்ஷாட்டில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: பதிவு முழுதாக, போட்ட கணக்கின் பெயர், பதிவின் தேதியும் நேரமும், உலாவியின் மேல்பட்டையில் இருக்கும் இணைப்பு முகவரி. முடிந்தால் கணினியில் திறந்து எடுங்கள். அங்கே இணைப்பு முகவரி முழுதாகத் தெரியும். அந்த முகவரியைத் தனியாக நகலெடுத்தும் வையுங்கள். அந்தக் கணக்கின் முகப்புப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். அவர்கள் நாளைக்கே பெயரை மாற்றிக்கொள்வார்கள். முகப்புப் பக்கத்தின் இணைப்பில் எண் ஏதும் இருந்தால் அது பெரும்பாலும் மாறாது.

வாட்ஸ்அப்பில் மிரட்டல் வந்தால் அனுப்பியவரின் எண் தெரியும்படி படம் எடுங்கள். சேமிக்காத எண்ணாகவே விட்டுவிடுங்கள். "ரவுடி 1" என்று பெயரிட்டுச் சேமித்தால், படத்தில் எண்ணுக்குப் பதிலாக நீங்கள் வைத்த பெயர்தான் வரும். குரல் பதிவு வந்தால் அழிக்காதீர்கள், வேறொருவருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை விட்டுவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதற்கு மூலக் கோப்பும், அது வந்து சேர்ந்த கைப்பேசியும் பழுதில்லாமல் இருப்பது மிக உதவும்.

கையோடு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எண், என்ன சொன்னார்கள், அடுத்து என்ன நடந்தது. "இரவு 10.40, தெரியாத எண், பேசவில்லை. 10.42, அதே எண், மகளின் பள்ளி பெயரைச் சொன்னார்." இப்படி இரண்டு பக்கம் எழுதினால், நடந்ததெல்லாம் ஒரே ஒழுங்கில் காவலர் முன் விரியும். பதறிப்போய் வாயால் சொல்லும்போது இந்த ஒழுங்கு வருவதே இல்லை.

வீட்டில் சொல்லுங்கள்

பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், குறிப்பாக இளம்பெண்கள். "வீட்டில் தெரிந்தால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற பயம் வெறும் கற்பனையல்ல. அப்படி நடந்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். உங்கள் அம்மா இந்தச் செய்தியை முதலில் உங்கள் வாயால் கேட்பதற்கும், முகம் தெரியாத ஒருவன் தொலைபேசியில் சொல்லிக் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. நேராக வீட்டில் சொல்ல முடியாவிட்டால் அத்தையோ, மூத்த அக்காவோ, நம்பும் ஆசிரியரோ ஒருவரிடம் சொல்லி அவரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இதைச் சொல்லும்போது "நீ ஏன் அங்கே போய் எழுதினாய்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். குற்றம் செய்தவன் வேறொருவன்.

வீட்டாரிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். தெரியாதவர் யார் அழைத்தாலும், கூரியர் என்றாலும் வங்கி என்றாலும், எந்த விவரமும் சொல்லக் கூடாது, ஓ.டி.பி. சொல்லவே கூடாது. நாம் கேட்காத பார்சலோ உணவோ வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையில் வேறொருவர் வீட்டுக்குப் பொருள் அனுப்புவது இவர்களுடைய வழக்கமான சில்லறைத் தொல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் காவலாளியிடமும், தனி வீடாக இருந்தால் நல்ல பழக்கமுள்ள பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலை பார்க்கும் இடத்தின் பெயர் வெளியாகியிருந்தால், அங்கே புகார் போய்ச் சேருமுன் மேலதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

கதவுகளைப் பூட்டுங்கள்

எண் வெளியானதும் அடுத்து நடப்பது கணக்குகளுக்குள் நுழையும் முயற்சி. மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றும் சாவி அதற்குள்தான் இருக்கிறது. புதிய, நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். வாட்ஸ்அப்பிலும் அதற்கென ஆறு இலக்கப் பின் எண் இருக்கிறது. அங்கேயே இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாத அழைப்பாளர்களை அமைதியாக்கும் வசதியை வாட்ஸ்அப் 2023-இல் கொண்டுவந்தது. அதை இயக்கினால் வாட்ஸ்அப் அழைப்புகள் ஒலிக்காது, ஆனால் பட்டியலில் பதிவாகும். நிம்மதியும் கிடைக்கும், சான்றும் தங்கும்.

முகநூலில் முகப்பைப் பூட்டும் வசதி 2020 முதல் இந்தியாவில் உண்டு. டெலிகிராமில் உங்கள் எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து யார் உங்களைத் தேடலாம் என்ற இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது.

எண்ணையே மாற்றிவிடலாமா? அவசரப்படாதீர்கள் என்பது என் கருத்து. வங்கி, ஆதார், சமையல் எரிவாயு, குடும்ப அட்டை எல்லாம் அந்த எண்ணில் இருக்கின்றன. நீங்கள் விட்ட எண் 90 நாட்கள் கழித்து வேறொருவர் கைக்குப் போகலாம்; உங்கள் ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும். பழைய சிம்மை ஒரு பழைய கைப்பேசியில் போட்டு வீட்டில் வைத்துவிட்டு, நெருங்கியவர்களுக்கு மட்டும் புதிய எண் கொடுப்பது நல்ல வழி.

ஆதார் எண் வெளியாகியிருந்தால் ஆதார் செயலியில் கைரேகை, கருவிழி விவரங்களைப் பூட்டிவிடுங்கள். கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் பார்க்கலாம். உதவி எண் 1947. உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளம் காட்டும். பான் எண் வெளியாகியிருந்தால் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும்.

நீக்கச் சொல்லுங்கள்

எல்லாவற்றையும் சேமித்த பிறகே இந்தப் படி. பதிவு நீக்கப்பட்டால் உங்களாலும் அதைத் திரும்பப் பார்க்க முடியாது.

பதிவின் ஓரத்தில் உள்ள புகார் பொத்தானை அழுத்தும்போது "பிடிக்கவில்லை", "தொல்லை" என்று பொதுவாகத் தேர்ந்தெடுக்காமல், தனிப்பட்ட தகவலை வெளியிட்டது என்ற வகையைத் தேடித் தேர்ந்தெடுங்கள். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் இதற்கென விதி உண்டு. பலன் இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் இயங்கும் தளங்கள் அப்படி ஓர் அலுவலரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அந்தரங்கப் படமோ, உங்கள் முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படமோ, உங்களைப் போல் வேடமிட்ட கணக்கோ என்றால் விதி இன்னும் கடுமையானது. 2021-இல் அதற்கு வைத்த கெடுவே 24 மணி நேரம். அலுவலரின் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். எல்லாம் இணையவழியே நடக்கும், செலவில்லை.

கூகுள் தேடலில் உங்கள் எண்ணோ முகவரியோ வருகிறதென்றால், அதை நீக்கக் கோரும் படிவம் கூகுளின் உதவிப் பக்கத்தில் உண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: கூகுள் தேடல் முடிவைத்தான் எடுக்கும், அந்தப் பக்கம் அதே இடத்தில்தான் இருக்கும். கூகுளுக்கும் அந்தப் பக்கத்தை நடத்துபவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்றால் "ஸ்டாப் என்.சி.ஐ.ஐ." என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் கைப்பேசியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண் உருவாகி, அந்த எண் மட்டும் அனுப்பப்படும். அதில் சேர்ந்துள்ள தளங்கள் அதே படம் ஏறினால் கண்டுபிடித்துத் தடுக்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் படமென்றால் அதேபோல "டேக் இட் டவுன்" என்ற சேவை. பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடியும் கேட்பார்கள். நீதிமன்றமும் துணைக்கு வரும். 2025 ஜூலையில், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காணொளி பல தளங்களில் பரவிய வழக்கில், அதை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

காவல் நிலையத்தில்

புகாரை மூன்று வழிகளில் கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம், 1930 என்ற உதவி எண், அல்லது நேரில். பணமும் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

நம் சட்டத்தில் டாக்ஸிங் என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. அதனால் "என் விவரத்தை நெட்டில் போட்டுவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் "அதிலென்ன?" என்ற பதில் வரக்கூடும். அதோடு என்னவெல்லாம் நடந்தது என்பதை எழுதுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பிரிவு உண்டு. பெயர் மறைத்து மிரட்டியது, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4). ஒரு பெண்ணை விருப்பமில்லாத நிலையிலும் ஓர் ஆண் விடாமல் தொடர்புகொண்டது, அவருடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தது 78. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லும் செயலும் 79. உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி. அந்தரங்க உறுப்புப் படம் என்றால் 66இ. அதே சட்டத்தின் 66ஏ பிரிவை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

புகாரின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: "கடந்த 12-ஆம் தேதி இரவு 9.15-க்கு, இணைப்பு 1-இல் காணும் கணக்கிலிருந்து என் பெயர், கைப்பேசி எண், தெருவின் பெயர், என் மகளின் படம் ஆகியவை என் அனுமதியின்றி வெளியிடப்பட்டன. அதைத் தொடர்ந்து இன்று காலை வரை 63 அழைப்புகள் வந்துள்ளன. பட்டியல் இணைப்பு 2. அவற்றில் மூன்றில் என்னை வீடு புகுந்து தாக்குவதாக மிரட்டினர். விவரம் இணைப்பு 3. அந்தக் கணக்கை நடத்துபவரைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவும், பதிவுகள் அழியாமல் பாதுகாக்குமாறு அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பவும் வேண்டுகிறேன்." அந்தக் கடைசி வரி முக்கியம். தளங்கள் உள்நுழைவு விவரங்களை எப்போதும் வைத்திருப்பதில்லை; காவல்துறை கேட்கும் நாள் தள்ளத் தள்ள ஆளைப் பிடிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

முதல் தகவல் அறிக்கை பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். உடனே பதியவில்லையென்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமென்றால் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பாலியல் தொடர்பான குற்றமென்றால், முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று புகாரிலேயே எழுதுங்கள். ஏற்றக் கூடாது என்பதுதான் விதி. ஆனாலும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமையில் அந்த அறிக்கையே வெளியாகி, அவருடைய விவரங்கள் ஊரெங்கும் பரவின. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. நியாயம் தேடிப் போன இடத்திலேயே ஒரு பெண்ணின் முகவரி கசிந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கிருந்து எடுத்தார்கள்?

கொஞ்சம் மூச்சு விட்டபின், உங்கள் பெயரை, எண்ணை, பழைய மின்னஞ்சல் முகவரியை நீங்களே தேடிப் பாருங்கள். வேறொருவர் கண்ணால் பாருங்கள். ஆசிரியையின் விவரங்கள் எப்படிக் கிடைத்திருக்கும் என்று நாங்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தோம். ஸ்கூட்டர் எண், அவர் போட்டிருந்த பொங்கல் கோலப் படத்தின் ஓரத்திலேயே இருந்தது. கைப்பேசி எண், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு இரத்ததான வேண்டுகோளில் அவரே எழுதியது. பள்ளி, ஆண்டு விழாப் படத்தின் பதாகையில். தெரு, வாக்காளர் பட்டியலில்.

வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது எல்லாம் அதில் இருக்கும். நிலத்தின் வில்லங்கச் சான்றும் இணையத்தில் பார்க்கக் கிடைப்பதுதான். இவற்றை நாம் நீக்க முடியாது. ஆகவே முழுப் பெயர், ஊர், வயது மூன்றையும் ஒரே இடத்தில் போடாமலிருப்பதே நம்மால் ஆனது. வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துத் தேடினால் தொழிலிடத்தின் முகவரி வரும். அது உங்கள் வீடாக இருந்தால் வீடுதான் தெரியும்.

நம்மால் மாற்றக்கூடியவையும் நிறைய உண்டு. எண்ணை யு.பி.ஐ. செயலியில் போட்டாலே வங்கியில் உள்ள உங்கள் பெயர் வந்துவிடும். எண்ணே முகவரியாக இருக்கும் யு.பி.ஐ. ஐடியை மாற்றி, அந்நியருக்கு எண்ணில்லாத ஐடியைக் கொடுங்கள். ட்ரூகாலரில் கணக்கை முடக்கிவிட்டு, பட்டியலிலிருந்து எண்ணை நீக்கக் கோரலாம். ஆதார் நகல் கேட்கும் லாட்ஜுக்கும் வாடகை வீட்டுக்கும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். படங்களைப் போடுமுன் ஓரங்களைப் பாருங்கள்: வண்டி எண், வீட்டுக் கதவு எண், பள்ளிச் சீருடையின் இலச்சினை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம். வாட்ஸ்அப்பில் படத்தை ஆவணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் அதற்குள் போய்விடக்கூடும், படமாக அனுப்புங்கள்.

இதையெல்லாம் சொல்வதால், எழுதாமல் ஒடுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். கருத்துச் சொல்லும் உரிமையும் நம்முடையதுதான்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

உங்களுக்குத் தெரிந்தவரின் விவரம் இப்படி வெளியானால், கண்டிப்பதற்காகக்கூட அந்தப் பதிவைப் பகிராதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு மட்டும் அனுப்புங்கள், தளத்தில் புகார் செய்யுங்கள். போட்டவனின் முகவரியைத் தேடிப் பதிலுக்கு வெளியிடும் வேலையும் வேண்டாம்; பெரும்பாலும் தவறான ஆளின் வீட்டு வாசலில்தான் அது போய் நிற்கும், சரியான ஆளாக இருந்தாலும் வழக்கு கெட்டுப்போகும்.

முடிந்தால் நேரில் போங்கள். வரும் வசவுகள் எல்லாவற்றையும் அவரே படித்து, அவரே படமெடுத்து அடுக்க வேண்டியிருப்பது பெரிய கொடுமை. தூக்கம் போய்விட்டது, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னால் தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். சாப்பிட வைத்துவிட்டு, அவருடைய கைப்பேசியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது நேரத்தையும் எண்ணையும் நீங்கள் எழுதுங்கள்; அவர் போய்த் தூங்கட்டும்.